கம்பம் பள்ளத்தாக்கில் ரேம் கோளாறு: ஒரு கைத்தொழிலின் வரலாறு

கணினியின் ரேம் கெட்டுப்போனால் அந்தக் கோளாறு பெரும்பாலும் வேறொன்றின் பெயரில்தான் வெளியே தெரியும். விண்டோஸ் பாதியில் நின்றுபோகும். பேஜ்மேக்கரில் அடித்து வைத்த பத்திரிகை மறுநாள் திறக்காது. புதிதாக ஓ.எஸ். போடும்போது ஏதோ ஒரு கோப்பைப் பிரதி எடுக்க முடியவில்லை என்று செய்தி வரும். பழி சிடியின் மேல் விழும். வன்தட்டிலிருந்து வருவதும், விசைப்பலகையில் தட்டுவதும், அச்சுக்குப் போவதும் எல்லாம் நினைவகத்தின் வழியாகவே போகின்றன. அங்கே ஒரு பிட் 0-க்குப் பதிலாக 1 ஆகிவிட்டால், அது எந்த வேலைக்குரிய பிட்டோ அந்த வேலையில் பிழை தலைகாட்டும். இந்த மறைவான கோளாறைத் தேடிப் பிடிப்பது தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் கடைவீதிகளில் ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. அதன் வரலாறு கணினிகள் மலிவான வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

நினைவகம் தவறும் என்பது கணினியைக் கட்டியவர்களுக்குத் தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங், வார இறுதியில் ஆளில்லாமல் ஓடிய இயந்திரங்கள் ஒரு சிறு பிழைக்காகக் கணக்கைக் கைவிட்டு நின்றுபோவதைப் பொறுக்காமல், பிழையைத் தானே கண்டு திருத்தும் குறியீட்டு முறையை உருவாக்கி 1950-இல் வெளியிட்டார். இந்தியாவில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டி 1960-இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த டிஃப்ராக் கணினியில் ஃபெரைட் வளையங்களால் ஆன நினைவகம் இருந்தது. 40 பிட் கொண்ட 2,048 சொற்களை அது தாங்கியது. காந்தமேறிய வளையம் மின்சாரம் போனாலும் தன் நிலையை இழக்காது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-இல் காப்புரிமை பெற்ற டைனமிக் ரேம் அப்படிப்பட்டதன்று. அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் நிற்கும் மின்னூட்டம். அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். இன்றைய ரேம்களில் சில பத்து மில்லி நொடிக்கு ஒருமுறை எல்லாப் பிட்டுகளையும் படித்து மறுபடி எழுதிப் புதுப்பிக்க வேண்டும். இன்டெல் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 சில்லு இந்த வகை நினைவகத்தை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது. விலை சரிந்தது, கொள்ளளவு பெருகியது. நிலையற்ற தன்மை மட்டும் கூடவே வந்தது.

அந்த நிலையின்மையைக் கவனிக்க 1981-இல் வெளிவந்த ஐபிஎம் பி.சி.யில் ஒரு காவல் இருந்தது. 8 பிட்டுக்கு 9 சில்லு வைத்தார்கள். ஒன்பதாவது, மற்ற எட்டிலும் உள்ள 1-களின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று சரிபார்க்கும் பேரிட்டி பிட். கணக்குப் பொருந்தாவிட்டால் திரையில் ‘பேரிட்டி செக்’ என்று எழுதிவிட்டு இயந்திரம் அப்படியே நின்றுவிடும். பிழையைத் திருத்தும் திறன் அதற்கு இல்லை. ஆனால் தவறான எண்ணைச் சரியென்று சொல்லிக் கணக்கில் ஏற்றும் ஆபத்தைப் பெருமளவு தடுத்தது.

வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றிய ரங்கராஜன் குழுவின் அறிக்கை 1984-இல் வந்த பிறகு, பேரேட்டைப் பதியும் இயந்திரங்களும் அலுவலகக் கணினிகளும் மாவட்டங்களுக்குள் மெல்ல நுழைந்தன. அப்போது தேனி மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1990-களின் பிற்பகுதியில்தான் தனி மாவட்டம் ஆனது. அலுவலகக் கணினி நின்றுபோனால் பராமரிப்பு ஒப்பந்தம் பெற்ற நிறுவனத்துக்குத் தகவல் போகும். பொறியாளர் பெரிய ஊரிலிருந்து பேருந்தில் வருவார், பலகையை மாற்றிவிட்டுப் போவார். உள்ளூரில் எவரும் கணினிப் பெட்டியைத் திறக்க வேண்டிய தேவை எழவில்லை.

அந்தத் தேவை ‘அசெம்பிள்டு சிஸ்டம்’ வந்தபோது எழுந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் கம்ப்யூட்டர் சென்டர்களாக மாறின. அச்சகங்களில் ஈய எழுத்துகளின் இடத்தை டி.டி.பி. பிடித்தது. சென்னை ரிச்சி தெருவிலும் மதுரையிலும் வாங்கிய மதர்போர்டும் ரேமும் வன்தட்டும் அட்டைப் பெட்டிகளில் பள்ளத்தாக்குக்கு வந்து, இங்கேயே ஒன்றாகப் பூட்டப்பட்டன. சரியாக இந்தக் கட்டத்தில்தான் அந்த ஒன்பதாவது சில்லு காணாமல் போனது. 1995-இல் இன்டெல் வெளியிட்ட, பென்டியம் கணினிகளில் பரவலாக இடம்பெற்ற டிரைட்டன் சில்லுத் தொகுதி பேரிட்டியை ஆதரிக்கவில்லை. ஒன்பதில் ஒன்றைக் குறைத்தால் அந்த அளவுக்கு ரேம் விலை குறையும். போட்டிச் சந்தையில் அது பெரிய தொகை. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே. பிழை நேர்ந்ததும் நின்று சொல்லும் இயந்திரம் போய், பிழையோடு தொடர்ந்து ஓடும் இயந்திரம் வீட்டுக்கும் கடைக்கும் வந்தது. பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு சில்லிடமிருந்து மெக்கானிக்கின் கைக்கு மாறியது.

முதலில் அவர் கற்றது பழுதைவிட அமைப்புப் பிழைகளைப் பற்றியே. டாஸ் காலத்தில் இயந்திரத்தில் 4 எம்பி ரேம் இருந்தாலும் மென்பொருளுக்கு நேரடியாகக் கிடைப்பது 640 கேபி மட்டும். எந்த டிரைவரை எங்கே ஏற்றுவது என்பதை கான்ஃபிக் கோப்பில் வரிவரியாக எழுதி வைக்க வேண்டும். ஒரு வரி இடம் மாறினாலும் ‘போதிய நினைவகம் இல்லை’ என்று மென்பொருள் அடம்பிடிக்கும். பென்டியம் வந்ததும் வேறொரு விதி சேர்ந்தது. 72 பின் கொண்ட சிம் வகை ரேம் ஒரு தடவைக்கு 32 பிட் தரும், பென்டியத்துக்கு 64 பிட் வேண்டும். ஆகவே ஒரே மாதிரியான இரண்டை ஜோடியாகப் போட்டால்தான் கணினி உயிர் பெறும். ஒன்றை மட்டும் வாங்கி வந்து மாட்டிவிட்டு, டிஸ்ப்ளே வரவில்லை என்று மதர்போர்டைச் சந்தேகித்தவர்கள் உண்டு.

168 பின் எஸ்டிரேம் வந்தபோது ஜோடித் தொல்லை ஒழிந்து, கலப்புத் தொல்லை பிறந்தது. 66, 100, 133 மெகாஹெர்ட்ஸ் என மூன்று வேகங்களில் ரேம் கிடைத்தது. மூன்றும் ஒரே ஸ்லாட்டில் பொருந்தும். 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தையொட்டி உலகச் சந்தையில் ரேம் விலை ஏறியது. விலை ஏறும்போதெல்லாம் பழைய ரேமைக் கழற்றிப் புதியதோடு சேர்த்துப் போடும் பழக்கமும் வலுக்கும். பழைய 100-ஐயும் புதிய 133-ஐயும் சேர்த்துவிட்டு பயாஸில் வேகத்தை 133 என்று வைத்தால், கணினி தொடங்கும், வேர்ட் திறக்கும். ஃபோட்டோஷாப்பில் பெரிய படம் ஒன்றை ஏற்றும்போது விழும். நினைவகத்தின் மேல்பகுதியைத் தொடும் வேலை வரும்வரை பிழை வெளிப்படாது. இதனால் ரேம் கோளாறுகள் முதலில் பிடிபட்ட இடங்கள் ஸ்டுடியோக்களும், பிறகு வந்த ஃப்ளெக்ஸ் பேனர் கடைகளுமே. இருபதடி பேனரின் வடிவமைப்புக் கோப்பு, இருக்கிற ரேம் முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடும்.

கலப்பினால் அன்றி, மிகுதியால் விளைந்த கோளாறும் உண்டு. விண்டோஸ் 98 நிறுவிய கணினியில் 512 எம்பிக்கு மேல் ரேம் போட்டால், ‘நினைவகம் போதவில்லை’ என்ற செய்தியோடு விண்டோஸ் நின்றுபோவதுண்டு. ரேமின் அளவைப் பார்த்துத் தன் சேமிப்புப் பகுதியை வளர்த்துக்கொள்ளும் வீகேஷ் என்ற உறுப்பு, முகவரிகள் அனைத்தையும் தானே எடுத்துக்கொண்டதுதான் காரணம். சிஸ்டம் கோப்பில் அதற்கு ஓர் உச்சவரம்பு எழுதினால் தீர்ந்தது. நல்ல ரேமைக் கெட்டது என்று திருப்பி அனுப்பிய கடைக்காரருக்கும், அந்த ஒரு வரியை அறிந்த கடைக்காரருக்கும் உள்ள இடைவெளி ஒரு வாடிக்கையாளரின் பல நூறு ரூபாய்.

இவற்றையெல்லாம் விடப் பரவலானது தொடுமுனைக் கோளாறு. ரேம் பலகையின் அடி விளிம்பில் தங்கமுலாம் பூசிய தகடுகள் வரிசையாக இருக்கும்; ஸ்லாட்டுக்குள் உள்ள வில் போன்ற முனைகள் அவற்றை அழுத்திப் பிடிக்கும். பகலில் சூடேறி இரவில் ஆறும்போது தகடும் முனையும் மயிரிழை அளவு நகர்ந்து உரசும். முலாம் மெலிந்த இடத்தில் உலோகம் கறுக்கும். தென்மேற்குப் பருவக் காற்று மலைக் கணவாய்கள் வழியாகச் சாரலைப் பள்ளத்தாக்குக்குள் தள்ளும் மாதங்களில் ஈரப்பதம் கூடும். தேனியின் நூற்பாலைப் பகுதிகளில் பஞ்சுத் தூசியும் கணினிப் பெட்டிக்குள் படியும். இவ்வளவும் சேர்ந்தால் 168 முனைகளில் ஏதோ ஒன்றின் தொடர்பு விட்டுவிட்டு வரும். கணினி சில நாள் காலையில் எழும், சில நாள் எழாது.

இதற்கான வைத்தியம் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்னூட்டத்தை வெளியேற்றிவிட்டு, ஸ்லாட்டின் இருபுறமும் உள்ள வெள்ளைப் பிடிகளை விலக்கினால் ரேம் மேலே எழும். பென்சில் ரப்பரால் தகடுகளை மேலிருந்து கீழ்நோக்கி, ஒரே திசையில், மென்மையாகத் தேய்க்க வேண்டும். குறுக்காகத் தேய்த்தால் அழுக்கு இரண்டு தகடுகளுக்கு நடுவே தங்கும். ரப்பர் துகளைப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஸ்லாட்டுக்குள்ளும் ஒருமுறை பிரஷ் ஓட்டி, இருபுறமும் சமமாக அழுத்தினால் பிடிகள் ‘டக்’ என்று தாமாக மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் வராவிட்டால் ரேம் சரியாக உட்காரவில்லை. ரப்பரால் தேய்ப்பது முலாமையும் கொஞ்சம் அரிக்கும், நிலைமின்னூட்டத்தையும் உண்டாக்கும் என்பதால் தொழில்நுட்பக் கையேடுகள் ஐசோபுரொபைல் ஆல்கஹாலையே பரிந்துரைக்கும். ஆனாலும் தமிழ்நாட்டின் கணினிக் கடைகளில் ரப்பர் நிலைத்துவிட்டது. எங்கும் கிடைத்தது, உடனே பலன் தந்தது. அதைக் கையாண்டவர்களின் கைப்பக்குவத்தை மதிக்காமல் இந்தத் தொழிலின் வரலாற்றை எழுத முடியாது.

டிஸ்ப்ளேயே வராத கணினியில் காதுதான் கருவி. பயாஸ், திரையை எழுப்பும் முன் நினைவகத்தைச் சோதிக்கும். தவறினால் ஸ்பீக்கரில் ஒலி எழுப்பும். அவார்டு பயாஸ் நீண்ட பீப்பை விடாமல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். ஏஎம்ஐ பயாஸில் மூன்று பீப் அடிப்படை நினைவகத்தின் முதல் 64 கேபியில் கோளாறு என்று பொருள்படும். ஸ்பீக்கர் இணைக்கப்படாத பெட்டிகளுக்காக ஒரு சிறு பஸ்ஸரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது சர்வீஸுக்குப் போகிறவர்களின் வழக்கம்.

ரேம் மேல் வீணாகப் பழி விழுந்த காலமும் ஒன்று இருந்தது. 1990-களின் இறுதி முதல் 2000-களின் நடுப்பகுதி வரை உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் தரக்குறைவான மின்பகுபொருள் நிரம்பிய மின்தேக்கிகள் இடம்பெற்றன. ஓரிரு ஆண்டுகளில் அவற்றின் தலை உப்பி, பழுப்புநிறக் கசிவு தெரியும். ரேமுக்குப் போகும் மின்னழுத்தம் அலைபாயும், நல்ல ரேம் கெட்டதுபோல் நடந்துகொள்ளும். மின்னழுத்த ஏற்றத்தாழ்வும், எர்த் சரியில்லாத பழைய வயரிங்கும், இடிமழைக் கால மின்னலும் இதை மோசமாக்கின. புதிய ரேம் வாங்கிப் போட்டும் தீராமல், கடைசியில் ஐந்தாறு மின்தேக்கிகளை மாற்றிச் சாலிடர் வைத்ததும் சரியான கணினிகள் ஏராளம். டிவி, ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய கைகள் கணினித் தொழிலுக்குள் மரியாதையோடு வரவேற்கப்பட்டது இந்த வேலைக்காகத்தான்.

உறுதியான சோதனை மென்பொருளின் வழியாக வந்தது. கிறிஸ் பிராடி 1994-இல் எழுதிய மெம்டெஸ்ட்86, அதிலிருந்து 2004-இல் கிளைத்த மெம்டெஸ்ட்86+ ஆகிய இரண்டும் விண்டோஸ் இல்லாமலே ஃப்ளாப்பியிலிருந்தோ சிடியிலிருந்தோ தொடங்குபவை. நினைவகத்தின் ஒவ்வொரு முகவரியிலும் வெவ்வேறு கோலங்களில் 0, 1 எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். பிழை ஒரே முகவரியில், ஒரே பிட்டில் வந்தால் சில்லு பழுது என்று கொள்ளலாம். எங்கெங்கோ சிதறி வந்தால் தொடுமுனை, வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு ரேமை மட்டும் வைத்து ஒரு ஸ்லாட்டில் சோதனை, அதே ரேமை அடுத்த ஸ்லாட்டில், பிறகு இரண்டாவது ரேம் என ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே முறை. இரண்டை ஒருசேர மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

இந்தச் சோதனைக்கு நேரம் தேவை. சில பிழைகள் நான்கைந்து சுற்றுக்குப் பிறகே வரும் என்பதால் இரவு முழுக்க ஓடவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் 2008 முதல் கடுமையாகி, 2012-இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டிய மின்வெட்டு அந்த இரவுகளைப் பறித்தது. சாதாரண 600 விஏ யூபிஎஸ் கணினியை இருபது நிமிடம் தாங்கினாலே அதிகம். லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீர்மின் நிலையமும், கண்டமனூர், ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளும் கொண்ட மாவட்டம், ஒரு முழு மெம்டெஸ்ட்டுக்கு மின்சாரம் இல்லாமல் இருந்தது. சோதிக்க நேரமில்லாத இடத்தில் ‘ஓ.எஸ். போட்டுப் பார்க்கலாம்’ என்ற குறுக்குவழி வேரூன்றியது. பழுதான ரேம் வழியாக நிறுவப்பட்ட புதிய ஓ.எஸ். சில வாரங்களில் மறுபடி விழும். அதற்குள் வாடிக்கையாளரின் கோப்புகள் அழிந்திருக்கும். இந்தத் தொழில் தன் வாடிக்கையாளருக்குச் செய்த பெரிய தீங்கு அது.

கணினி நின்றால் ஒரு சந்தையே காத்திருக்கும் நிலை போடிநாயக்கனூரில் வந்தது. ஏலக்காய் வியாபாரிகள் கூடி, சாம்பிளைத் தட்டில் கொட்டிப் பார்த்து, வாய்விட்டு விலை கேட்ட முறைக்கு மாற்றாக நறுமணப் பொருட்கள் வாரியம் 2007-இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. வியாபாரிகளுக்கு முன்னால் திரையும் விசையும் வந்தன. 2021-இல் போடியும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் கிளவுட் வழியாக ஒரே நேரத்தில் இணைக்கப்பட்டன. ஏலக்காயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பது மட்டும் மாறவில்லை. இத்தகைய அமைப்புகளில் கணக்கைக் காக்கும் சர்வர்களில் வழக்கமாக ஈ.சி.சி. ரேம் இருக்கும்: 64 பிட் தரவோடு 8 பிட் காவல் பிட் சேர்த்து, ஹாமிங் வகுத்த வழியில் ஒரு பிட் தவறினால் திருத்தியும், இரண்டு தவறினால் கண்டுபிடித்தும் விடும். அதே கடைவீதியில் கமிஷன் மண்டிக் கணக்கு எழுதும் கணினிக்கு அந்தக் காவல் கிடையாது.

பிட் தானாகவே புரளும் என்பதற்கான காரணமும் இந்த மாவட்டத்தை ஒருவகையில் தொடுகிறது. 1978-இல் இன்டெல்லின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் சில்லுகளைப் பொதியும் பீங்கானில் கலந்திருந்த கதிரியக்கத் துணுக்குகள் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் பிட்டுகளைப் புரட்டுவதைக் கண்டறிந்தனர். மறு ஆண்டு ஜேம்ஸ் சீக்லரும் வில்லியம் லான்ஃபோர்டும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் அதைச் செய்யக்கூடும் என்று காட்டினர். அந்தக் கதிர்களிலிருந்து தப்புவதற்காகவே தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் அம்பரப்பர் மலைக்கு அடியில், எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை சூழ, நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த அத்திட்டம், மக்கள் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் தமிழ்நாடு அரசின் மறுப்பாலும் நின்றுபோயிற்று. கடைவீதிக் கணினியைப் பொறுத்தவரை காஸ்மிக் கதிர் அரிய காரணம். கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளிவந்த ஆய்வு, ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம் பலகைகளில் பிழை நேர்வதையும், அவற்றில் பெரும்பங்கு நிலையான வன்பொருள் பழுதாக இருக்கலாம் என்பதையும், வெப்பநிலையின் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியது என்பதையும் காட்டியது. வெயில் காலத்தில் எல்லாக் கோளாறுக்கும் சூட்டையே காரணம் சொல்லும் பழக்கத்தை அது கேள்விக்குள்ளாக்குகிறது.

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியதும் பள்ளி, கல்லூரி மாணவர்களின் வீடுகளுக்குக் கணினி போய்ச் சேர்ந்தது. கடைகளுக்கு வரும் கேள்விகளும் மாறின. ரேமைக் கூட்டிப் போட்ட பிறகும் கணினி அதைக் காட்டவில்லை என்பது அடிக்கடி வந்த புகார். மலிவு மடிக்கணினிகளோடு வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. மற்ற 32 பிட் பதிப்புகளில் 4 ஜிபி போட்டாலும் 3 ஜிபிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தெரியும். மிச்ச முகவரிகள் கிராபிக்ஸ் போன்ற வன்பொருளுக்கு ஒதுக்கப்பட்டவை. இது பழுதன்று, மாற்ற வேண்டியது ஓ.எஸ். பதிப்பை.

இப்போதைய அமைப்புப் பிழை எக்ஸ்எம்பி. ரேம் பலகையில் உள்ள சிறு சில்லு தன் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மதர்போர்டுக்குச் சொல்லும். எக்ஸ்எம்பியை இயக்கினால் தரநிலைக்கு மேலான வேகம் கிடைக்கும். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் வெவ்வேறு நேரத்தில் வாங்கிய நான்கு பலகைகளைப் போட்டு அதை இயக்கும்போது, ரெண்டர் பாதியில் நீலத்திரை வரும். எக்ஸ்எம்பியை நிறுத்தி, இயல்பு வேகத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. தீராவிட்டால் மட்டும் பலகைகளைக் கழற்ற வேண்டும்.

டிடிஆர்5 ரேமில் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரு திருத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் அது சில்லுக்குள் நேரும் பிழையை மட்டும் பார்க்கிறது. சில்லுக்கும் பிராசஸருக்கும் நடுவே, அந்தப் பழைய தொடுமுனைகளில் நேரும் பிழையைப் பார்ப்பதில்லை. முழுக் காவல் இன்னும் சர்வர்களுக்கும் விலைகூடிய கணினிகளுக்குமே கிடைக்கிறது. பத்திரமும் மருந்துச் சீட்டும் மண்டிக் கணக்கும் தட்டச்சாகும் சாதாரணக் கணினிக்கும் ஈ.சி.சி. கட்டாயமாகும்வரை, காரணம் தெரியாமல் நின்றுபோகும் கணினியைக் கடைக்குக் கொடுக்கிறவர்கள் முதலில் கோப்புகளை வேறொரு வட்டில் பிரதி எடுக்கச் சொல்ல வேண்டும்; ஓ.எஸ். போடும் முன் ஓர் இரவு ரேமைச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.